போன பிள்ளையின் பெயரா, புதுப் பெயரா?

கர்ப்பிணிகளின் பரிசோதனைச் சீட்டில் மருத்துவர்கள் எழுதும் குறிப்பு ஒன்று உண்டு: ஜி2 பி1 எல்0. இது இரண்டாவது கர்ப்பம், ஒரு பிரசவம் நடந்திருக்கிறது, உயிரோடு குழந்தை இல்லை என்று பொருள். அந்தச் சீட்டை வைத்திருக்கும் பெண்ணிடம் என்ன பெயர் யோசித்திருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும், முதலில் நல்லபடியாகப் பிறக்கட்டும் என்பாள். பிறந்துவிட்டால் போதும், அதே கேள்வி நாலா பக்கத்திலிருந்தும் வரும். மாமியார் நேர்ந்துகொண்ட சாமியின் பெயரைச் சொல்வார். ஜோசியர் எழுத்தைக் குறித்துக் கொடுப்பார். நாத்தனார் செல்போனில் பெயர்ப் பட்டியலை நீட்டுவார். கணவர் எதுவும் சொல்லாமல் இருப்பார். அவருக்கும் ஒரு பெயர் மனதில் இருக்கிறது, போன பிள்ளைக்கு வைக்க நினைத்த பெயர்.

கருச்சிதைவு, இறந்து பிறத்தல், பிறந்து சில நாளில் இழத்தல் ஆகியவற்றுக்குப் பின் பிறக்கும் குழந்தையை, மழைக்குப் பின் வரும் வானவில்லை நினைத்து, இப்போது வானவில் குழந்தை என்கிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது நம் வீடுகளில் பேச்சுக்கு வரும் வழிகள் ஏறக்குறைய ஐந்துதான். எதைத் தேர்ந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: முன்னால் எதுவும் நடக்காமல் இருந்திருந்தால், இந்தப் பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்திருப்போமா? ஆம் என்றால் தயங்க வேண்டாம். இல்லை என்றால், அந்தப் பெயர் யாருக்காக வைக்கப்படுகிறது என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டும்.

போன பிள்ளையின் பெயரையே வைப்பது

முதலில் வரும் யோசனை இதுதான். போன பிள்ளையே திரும்பி வந்திருக்கிறது என்று பாட்டிகள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அதில் பொய்யான ஆறுதல் எதுவும் இல்லை. அந்தப் பாட்டி அதை நம்பித்தான் சொல்கிறார். அதோடு, இறந்தவர் பெயரை வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. தாத்தா பெயர் பேரனுக்கு, ஆச்சி பெயர் பேத்திக்கு என்று வைத்துப் பழகிய சமூகம் இது. ஆனால் எழுபது வயது வாழ்ந்து, கல்யாணம் காட்சி பார்த்து, நாலு பேரிடம் சண்டையும் போட்டுவிட்டுப் போன தாத்தாவின் பெயர் வேறு. அந்தப் பெயரில் அவருடைய வாழ்க்கை இருக்கிறது. எட்டு மாதக் கருவில் போன குழந்தையின் பெயரில் இருப்பது பெற்றோரின் எதிர்பார்ப்பு மட்டும்தான். அதைத் தூக்கி அடுத்த பிள்ளையிடம் கொடுத்தால், அந்த எதிர்பார்ப்பையும் அவனே நிறைவேற்ற வேண்டும் என்று ஆகிவிடுகிறது.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இது சர்வ சாதாரணம். இசைமேதை பீத்தோவனுக்கு முன் பிறந்து சில நாளில் இறந்த அண்ணனுக்கும் லுட்விக் என்றுதான் பெயர். ஓவியர் வின்சென்ட் வான் கோ பிறந்தது 1853 மார்ச் 30. சரியாக ஓராண்டுக்கு முன், 1852 மார்ச் 30 அன்று, அவருடைய தாய்க்கு ஓர் ஆண் குழந்தை இறந்து பிறந்தது. அதற்கும் வின்சென்ட் என்றே பெயர். பாதிரியாராக இருந்த தந்தையின் தேவாலய வளாகத்தில் அந்தக் கல்லறை இருந்தது. தன் பெயர் பொறித்த கல்லறைக்கு அருகில் அந்தச் சிறுவன் வளர்ந்தான். அவருடைய பிற்காலத் துயரங்களுக்கு அதுவே காரணம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை. ஸ்பெயின் ஓவியர் சால்வடோர் டாலி 1904 மே மாதம் பிறந்தார். அதே பெயருடைய அண்ணன் அதற்கு ஒன்பது மாதம் முன்புதான் இறந்திருந்தான். ஐந்து வயதில் தன்னை அண்ணன் கல்லறைக்கு அழைத்துப்போய், நீதான் அவன் என்று பெற்றோர் சொன்னதாக டாலி பிற்காலத்தில் கூறினார். தன்னைப் பற்றி அவர் சொன்ன கதைகளையெல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் 1963இல், அறுபதை நெருங்கும் வயதில், இறந்துபோன அண்ணனின் உருவப்படம் என்று ஓர் ஓவியம் வரைந்தார் என்பது கண்ணுக்கு முன் இருக்கிற உண்மை. தான் பார்த்தே இராத அண்ணன் அவரை அத்தனை ஆண்டுகள் விடவில்லை.

இதில் இழப்பின் தன்மையும் கணக்கில் வரும். எட்டாவது வாரத்தில் கலைந்த கருவுக்கு யாரும் பெயர் சொல்லி அழைத்திருக்க மாட்டார்கள். பெண் பிறந்தால் யாழினி என்று இருவரும் எப்போதோ பேசிக்கொண்டது மட்டும் இருக்கும். அந்தப் பெயரை அடுத்து வரும் பெண்ணுக்கு வைப்பதில் தவறே இல்லை. அது இன்னும் யாருக்கும் சொந்தமாகாத பெயர். பிறந்து, பெயர் சூட்டி, தொட்டிலில் போட்டு, மூன்று மாதம் அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சிய குழந்தை என்றால் கதை வேறு. அந்தப் பெயருக்கு ஒரு முகம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் அந்தப் பெயரில் இருக்கின்றன. அதே தாய் தந்தைக்கு அதே பெயரில் இன்னொரு பிறப்புச் சான்றிதழ் வாங்கினால், பின்னாளில் எந்த அலுவலகத்திலாவது ஒருவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். அன்றைக்கு விளக்கம் சொல்லப் போகிறவர் நீங்கள்தான்.

வீட்டில் மூத்த பிள்ளை ஒன்று இருந்தால், அதைக் கேட்காமல் இந்த முடிவை எடுக்கவே கூடாது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தம்பி இறந்தது தெரியும், அவன் பெயரும் தெரியும். அதே பெயரில் இன்னொரு தம்பியைக் காட்டினால் அது கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. போனவர்கள் இப்படித்தான் மாற்றி வைக்கப்படுவார்கள் என்று அது புரிந்துகொள்ளவும் கூடும்.

முழுப் பெயர் வேண்டாம், பாதி வைக்கலாமா? போன மகன் கதிரவன் என்றால் பிறந்த மகளுக்குக் கதிர்மதி? கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவசரம் வேண்டாம். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது. ஆகவே மகனை இழந்த தாய் மறுபடியும் மகனையே ஒன்பது மாதம் மனதுக்குள் வளர்த்திருக்கலாம். மகள் பிறந்ததும் மகனின் பெயரை வளைத்து அவளுக்குச் சூட்டினால், அவளும் அவனுக்குப் பதிலாக வந்தவள் ஆகிவிடுகிறாள். முதல் எழுத்து மட்டும் ஒன்றாக இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அண்ணன் தம்பிகள் எல்லாருக்கும் ஒரே எழுத்தில் பெயர் வைக்கிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. அது உறவைச் சொல்கிறது, ஒருவருக்குப் பதில் ஒருவர் என்று சொல்வதில்லை.

எமனுக்குப் போக்குக் காட்டும் பெயர்கள்

இழப்புக்குப் பின் பிறந்த குழந்தைக்குத் தனியாகப் பெயர் வைக்கும் வழக்கம் நேற்று வந்ததன்று. உங்கள் பூட்டன், பூட்டி வரிசையில் தேடினால் பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள், குப்பன், குப்பம்மாள், மூக்கன், மூக்கம்மாள் என்று யாராவது கட்டாயம் இருப்பார்கள். வரிசையாகப் பிள்ளைகள் இறந்த வீட்டில் அடுத்து பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுப்பார்கள். உறவுக்காரி ஒருத்தி அதை எடுத்துக்கொள்வாள். பெற்றவள் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து தன் பிள்ளையையே விலைக்கு வாங்குவாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று இன்றும் குழந்தைகளைச் சீண்டுகிறோமே, அந்தப் பேச்சு இந்தச் சடங்கோடு ஒட்டியது. ஆண் பிள்ளைக்கும் மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயரிடுவார்கள். சாமியிடம் மடியேந்தி வாங்கியது பிச்சை. நாகூரில் நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு நாகூர் பிச்சை என்றும், கிறிஸ்தவ வீடுகளில் அடைக்கலம் என்றும் பெயர்கள் உண்டு. எமனோ கண்ணேறோ இது ஒன்றுக்கும் உதவாத பண்டம் என்று நினைத்து விட்டுவிட்டுப் போகட்டும் என்பதுதான் குப்பைக்கும் மூக்கனுக்கும் பின்னால் இருந்த கணக்கு.

சிரிக்க வேண்டாம். 1951இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அதற்கு முந்தைய தலைமுறைகளில் நிலைமை இன்னும் மோசம். தெருவுக்கு நாலு பிச்சையும் இரண்டு குப்பம்மாளும் இருந்ததால் அந்தப் பிள்ளை தனித்துத் தெரியவில்லை. பெயரைக் கேட்டதும் எதிரே இருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். அவர் வீட்டிலும் ஒரு பிச்சை இருப்பார். 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கு 13. இது எவ்வளவு பெரிய நல்ல செய்தியோ, இழந்தவர்களுக்கு அவ்வளவு தனிமையும் கூட. இன்று வகுப்பில் குப்பன் என்று ஒரு பையன் எழுந்து நின்றால், சுற்றி இருக்கும் நாற்பது பேருக்கும் அந்தப் பெயரின் காரணம் தெரியாது. கேலி மட்டும் தெரியும்.

ஆகவே சடங்கு வேறு, பதிவேடு வேறு என்று பிரித்துவிடுங்கள். தவிடு கொடுத்து வாங்கினால்தான் பாட்டிக்கு மனம் ஆறும் என்றால் தாராளமாகச் செய்யலாம்; ஒரு முறம் தவிட்டில் என்ன குறைந்துவிடப் போகிறது? காதில் மூன்று முறை சொல்லும் பெயர்களில் பிச்சையும் ஒன்றாக இருக்கட்டும். சான்றிதழில் வேண்டாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டில் கூப்பிடும் பெயர்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. உ.வே.சாமிநாதையருக்கு முறையாக இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்த சாமிநாதன் என்ற பெயர் அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பிடித்துப்போக, அதுவே உலகத்துக்கும் நிலைத்துவிட்டது. செல்லப் பெயர் எப்போது திண்ணையைத் தாண்டும் என்று யாருக்கும் தெரியாது.

பழைய பெயர்களை நாகரிகக் குறைவாகப் பார்க்கிறவர்கள் அதே அச்சத்தில்தான் சிரஞ்சீவி, ஆயுஷ் என்று தேடுகிறார்கள். ஒன்று எமனிடமிருந்து பிள்ளையை ஒளித்து வைக்கிறது, மற்றது எமனுக்கு உத்தரவு போடுகிறது. இரண்டிலும் அவன் முகவரி எழுதப்பட்டிருக்கிறது. ஆயுஷ் அழகான பெயர், ஊரெல்லாம் இருக்கிறது, யாரும் காரணம் கேட்கப் போவதில்லை. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு அடிவயிறு கலங்குமானால், அதை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

நேர்ச்சைப் பெயர்

திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகைக்கு நேர்ந்திருப்பீர்கள். சமயபுரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்தவர்கள் உண்டு. ஐந்து வழிகளில் குடும்பத்துக்குள் அதிகச் சண்டை இல்லாமல் முடிவது இதுதான். பெயரைக் கேட்கிற வெளியாளுக்கும் அதில் துக்கம் தெரியாது. ரட்சிதா என்றோ ஆரோக்கியராஜ் என்றோ பெயர் இருந்தால் ஏன் இந்தப் பெயர் என்று யார் கேட்கப் போகிறார்கள்? பெற்றவர்களுக்கு மட்டும் தெரியும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நேர்ந்தவர்கள் பல பேர். அம்மா பழனிக்கு, மாமியார் குலதெய்வத்துக்கு, சித்தி பெரியபாளையத்துக்கு. எல்லாரையும் திருப்திப்படுத்த மூன்று தெய்வங்களை ஒரே பெயரில் கோத்துவிட்டால், பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் கட்டங்கள் போதாது. எதை நேர்ந்தார்கள் என்று ஒருமுறை நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மொட்டை, காதுகுத்து, எடைக்கு எடை காணிக்கை என்றுதான் இருக்கும். பெயரையே நேர்ந்தவர் ஒருவர்தான் இருப்பார். அவருக்கு முதல் இடம், மற்றவர்களுக்குக் காதில் சொல்லும் பெயர்.

ஜோசியர் தரும் எழுத்தையும் இங்கேயே பேசிவிடலாம். ரோகிணி என்றால் ஓ, வ, வி, வு. அந்த வரம்புக்குள் நல்ல பெயர் கிடைத்தால் வையுங்கள். ஆனால் முதல் பிள்ளைக்கு எழுத்துப் பார்க்காமல் வைத்ததால்தான் அப்படி ஆயிற்று என்று யாராவது வாய் திறந்தால், அந்தப் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். குழந்தை இறந்ததற்கும் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அடிபட்டுக் கிடக்கும் தாய் அதை நம்பிவிடுவாள் என்பதுதான் ஆபத்து. எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் கூடுதலாக ஓர் எழுத்தைச் செருகுவதும் இதே அச்சத்தில் பிறப்பதுதான். வாழ்நாள் முழுக்க அந்த எழுத்தை விளக்கிக்கொண்டு திரியப் போவது பிள்ளை.

பொருள் சொல்லும் பெயர்

இழந்த துயரத்தையே பெயராக்கிய கதை பைபிளில் இருக்கிறது. ராகேல் பிரசவத்தில் உயிர் பிரியும் நேரத்தில் தன் மகனுக்குப் பெனொனி என்று பெயரிட்டாள். என் துக்கத்தின் மகன் என்று பொருள். தந்தை யாக்கோபு அதை ஏற்காமல் பென்யமீன் என்று மாற்றினார். சாகிற மனைவி சொன்ன கடைசி வார்த்தையை மீற ஒரு கணவனுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! ஆனால் பிள்ளையின் பக்கம் நின்று யோசித்தவர் அவர்தான். ஆபேல் இறந்தபின் பிறந்த சேத்துக்கு, அவனுக்குப் பதிலாகத் தேவன் தந்தவன் என்று ஏவாள் காரணம் சொன்னாள். வலியோடு பெற்றதால் தாய் யாபேஸ் என்று பெயரிட்ட கதையும் உண்டு. அந்தப் பெயர் இன்று நம் கிறிஸ்தவ வீடுகளில் விரும்பி வைக்கப்படுகிறது. காலம் சில பெயர்களிலிருந்து வலியைக் கழுவிவிடுகிறது. ஆனால் அதற்குப் பல தலைமுறைகள் ஆகின்றன.

துக்கத்தைச் சொல்லும் பெயரை இன்று யாரும் வைப்பதில்லை. நம்பிக்கையைச் சொல்லும் பெயரைத்தான் தேடுகிறோம், அதிலும் மிகையாகிவிட இடம் உண்டு. வானவில் என்றே பெயர் வைக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். சங்கப் பாடலில் வானவில்லுக்குத் திருவில் என்ற பெயர் வருகிறது, அழகுதான். ஆனால் வானவில் என்று பெயர் வைத்தால், வாழ்நாள் முழுக்கப் புதிதாகச் சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பிள்ளை காரணம் சொல்ல வேண்டும். என் அண்ணன் இறந்த பிறகு நான் பிறந்தேன் என்று பள்ளிச் சேர்க்கையிலும், நேர்முகத் தேர்விலும், கல்யாணப் பேச்சிலும். ‘வேண்டாம்’, ‘போதும்பொண்ணு’ என்று பெயர் சுமக்கும் பெண்கள் பெற்றோரின் ஆசையை ஊருக்கு அறிவித்துக்கொண்டு நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். வானவில் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் இழப்பு எதுவும் இல்லாத வீட்டிலும் வைக்கக்கூடிய பெயராக இருந்தால் பிள்ளைக்குச் சுமை குறையும்.

முகிலன், சாரல், உதயன், அருள், வரதன், அமுதன், இனியா, மகிழினி. இவையெல்லாம் பொருளும் உள்ள, காரணம் சொல்ல வேண்டாத பெயர்கள். மழைக்குப் பின் வந்தவன் என்று நீங்கள் நினைத்து முகிலன் என்று வைக்கலாம். மற்றவர்களுக்கு அது வெறும் முகிலன். அற்புதம், அதிசயம் என்ற பெயர்களில் நான் சற்றுத் தயங்குவேன். அதிசயமாகப் பிறந்த பிள்ளை ஏழாம் வகுப்பில் கணக்கில் தேறாமல் வீட்டுக்கு வரும் நாளும் வரும். அன்றைக்கு அவன் சாதாரணப் பிள்ளையாக இருக்க இடம் வேண்டும்.

எதோடும் சேராத புதுப் பெயர்

என் வாக்கு இதற்குத்தான், நேர்ச்சைப் பெயர் இரண்டாவது. போன பிள்ளையையும் சாமியையும் மழையையும் நினைக்காமல், பிடித்த பெயர் என்பதற்காக மட்டும் ஒரு பெயர். இதில் இருக்கும் ஒரே தடை குற்ற உணர்வு. அவளை மறந்துவிட்டோமோ, இன்னொரு பெயரைச் சொல்லிச் சிரிக்கிறோமே என்று தோன்றும். பெரும்பாலும் தாய்மார்கள் இதைச் சொல்கிறார்கள், தந்தைமார்கள் சொல்லாமல் இருக்கிறார்கள். போன பிள்ளையின் பெயரைப் புதுப் பிள்ளைக்குச் சூட்டும் பல முடிவுகள் இந்த உணர்விலிருந்துதான் பிறக்கின்றன. போனவளுக்கு வீட்டில் வேறு இடம் இருந்தால் அந்த நெருக்கடி தளரும். அவள் பெயரை அவளுக்கே விட்டுவைத்து, பிறந்தநாளில் ஒரு விளக்கு, அவள் பெயரில் ஓர் அன்னதானம் என்று செய்யலாம். கர்ப்பத்திலும் பிறந்ததுமாக இழந்த குழந்தைகளின் நினைவு நாளாக அக்டோபர் 15 பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. எத்தனை குழந்தைகள் என்று யாராவது கேட்டால் இரண்டு என்று சொல்வதா ஒன்று என்று சொல்வதா என்பது அந்தந்தப் பெற்றோரின் விருப்பம். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் கூட, இறந்து பிறந்த குழந்தையையும் பிறப்பு என்ற கணக்கில்தான் வைக்கிறது.

எப்போது முடிவு செய்வது?

பிறப்பதற்கு முன்பே பெயரை முடிவு செய்து, வயிற்றில் இருக்கும்போதே அழைத்துப் பேசினால் பிணைப்பு வளரும் என்கிறார்கள் சிலர். போன முறை அப்படி அழைத்துத்தானே இழந்தோம் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. இரண்டும் நியாயம். ஆண், பெண் இரண்டுக்கும் இரண்டிரண்டு பெயர்களைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்தபின் முடிவு செய்வது நடுவழி. சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லாதிருப்பது நல்லது. சொன்னால் ஆளுக்கொரு குறை சொல்வார்கள், அதைத் தாங்கும் நிலையில் அந்த நேரத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

பிறந்தபின் அவசரப்படுத்துகிறவர்களிடம் சட்டத்தைச் சொல்லுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரை அப்போதே தர வேண்டியதில்லை. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்க வழி உண்டு. ஆனால் அவ்வளவு தூரம் விடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். பதினாறாம் நாளிலோ முப்பதாம் நாளிலோ பெயர் சூட்டும் விழாவை நடத்தி, தாம்பாளத்து அரிசியில் எழுதிய பெயரால் வீட்டில் அழைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று மாதம் கழித்தும் அந்தப் பெயர் நாவில் இயல்பாக வந்தால் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஏறிய பெயரை எழுத்துப்பிழை திருத்துவது போல மாற்ற முடியாது, அரசிதழ் வரை அலைய வேண்டிவரும். சான்றிதழை வாங்கியதும் தமிழ் எழுத்துகளையும் ஆங்கில எழுத்துகளையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்; ழ, ள, ற வரும் பெயர்களில் தவறு அதிகம்.